காசு கனத்துக்கு ஓர் இடைவெளி

ஏறி உட்காருங்கள் தம்பி. செருப்பைக் கழற்ற வேண்டாம், இது கோயில் இல்லை. வலது காலை பிரேக் பெடல் மேல் வையுங்கள். நான் மிதியுங்கள் என்றால் மூன்று தடவை மிதித்து, மூன்றாவதில் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். விடுங்கள் என்று சொல்லும்வரை விடக் கூடாது. நடுவில் விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும், காலையிலிருந்து பார்த்த வேலை வீண். இதற்கென்று ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஆள் இருந்தது. இப்போது இல்லை. அதனால் வண்டிக்காரரையே உட்கார வைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டம்மா குழந்தையோடு டீக்கடை நிழலில்தானே இருக்கிறார்? இருக்கட்டும். வெயிலில் அலைய வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் காற்று எடுத்துவிட்டால் முடிந்தது. மதியம் காதுகுத்துச் சாப்பாட்டுக்கு மலை மேல் இருப்பீர்கள்.

முதலில் பின்பக்க இடது சக்கரம். சிலிண்டருக்குத் தூரமாக இருப்பதில் ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. ம், மிதியுங்கள். ஒன்று. இரண்டு. பிடியுங்கள். வருகிறது. குழாயில் சோடா மாதிரி குமிழ் வருகிறது பாருங்கள். உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது, மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுங்கள்.

அந்தத் தட்டில் கிடக்கிறதே, அதுதான் உங்கள் பழைய மாஸ்டர் சிலிண்டர். நீங்கள் பெடலை மிதித்தால் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளி அனுப்புவது அதுதான். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் வாய் பிளந்து கிடக்கிறது. நீங்கள் மிதிக்க மிதிக்க ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வாஷரைத் தாண்டிப் பின்னால் நழுவிவிட்டது. அதனால்தான் பெடல் தரை வரைக்கும் போயிற்று. சமவெளியில் போனது உங்கள் நல்ல நேரம். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? ஞாபகமில்லை. அப்படியென்றால் மாற்றவே இல்லை. எல்லாரும் இப்படித்தான். எஞ்சின் ஆயிலுக்குத் தேதி எழுதி வைப்பார்கள். பிரேக் ஆயிலை டப்பாவில் குறைந்தால் ஊற்றுவதோடு சரி. அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உள்ளே துரு ஏறும், துரு ரப்பரை அறுக்கும். உங்களுடையது காபி நிறத்தில் வந்தது.

மிதியுங்கள். ஒன்று. இரண்டு. பிடியுங்கள்.

அப்படியே பிடித்துக்கொண்டு வலது பக்கக் கண்ணாடியில் பாருங்கள். ரோட்டுக்கு எதிர்ச்சாரியில், முதல் வளைவு திரும்புகிற இடத்தில், பச்சைத் தகரம் போட்ட கடை ஒன்று தெரிகிறதா? பலகை இல்லை, பெயர் இல்லை. அதுவும் பட்டறைதான். என் மச்சினன் வைத்திருக்கிறான். சிங்காரவேலு. என் சம்சாரத்தின் கூடப்பிறந்த தம்பி. என்னிடம் பதினொரு வருஷம் இருந்தான். ஸ்பேனர் நம்பர் தெரியாமல் வந்தவன். இப்போது எனக்கு எதிரே, நான் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் கண்ணில் படுகிற மாதிரி கடை போட்டிருக்கிறான். இந்த ரோடு எவ்வளவு நீளம். வேறு இடமா இல்லை?

பிடித்திருக்கிறீர்களா? கால் வலித்தால் சொல்லுங்கள். விடுங்கள்.

அங்கே ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும், பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதுதான் என் சம்சாரம். பாவாயி.

நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன். ஊரில் எல்லாரும் அவர்கள் பக்கத்துக் கதையைத்தான் சொல்கிறார்கள். என் பக்கத்தைக் கேட்க ஆளில்லை. நீங்கள் வெளியூர், நியாயம் தெரியும்.

இந்தக் கொல்லிமலை அடிவாரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். அன்னாசியும் பலாவும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவும் இறங்குகிற பிக்கப் அத்தனையும் என் கை பட்டவை. அத்தியப்பன் பெடல் என்றால் கல்லுப் பெடல் என்பார்கள். கால் பட்டதும் பிடிக்கும். தொட்டதும் நிற்கும். சில மெக்கானிக் வேலை பார்த்த வண்டியில் பெடல் ஒரு விரற்கடை சும்மா இறங்கும், அப்புறம்தான் பிடிக்கும். அது எனக்கு ஆகாது. கூப்பிட்டால் முதல் கூப்பிடலுக்கு வர வேண்டும். "இதோ வர்றேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பெடலும் அப்படித்தான், பொண்டாட்டியும் அப்படித்தான்.

மிதியுங்கள். பிடியுங்கள். இப்போது குமிழ் குறைந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை. விடுங்கள். மிதியுங்கள். பிடியுங்கள். சுத்தம். விடுங்கள். அடுத்து பின்பக்க வலது.

டப்பாவில் ஆயில் ஊற்றிவிட்டு வருகிறேன். இது காலியானால் மறுபடி காற்று ஏறும். பெயின்ட்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் பெயின்ட் உரிந்துவிடும், அதனால்தான் துணி போட்டு வைத்திருக்கிறேன். வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எங்கே விட்டேன்? போன ஆடி மாசம். மேலே திருவிழா, கூட்டம், அன்னாசிக்கு நல்ல பருவம். மலைக்காரர் காளப்பன் என்று ஒருவர். சொந்தமாகப் பிக்கப் வைத்திருக்கிறார், சொந்தத் தோட்டத்துப் பழத்தையே இறக்குவார். அதற்கு இரண்டு மாசம் முன்னாலேயே அவர் வண்டியில் பெடல் இறங்குகிறது என்று வந்திருந்தார். நான் சிலிண்டரைப் பிரித்து ரப்பர்களை மட்டும் மாற்றினேன். ஒரு மாசம் ஓடியது. மறுபடி வந்தார். மறுபடி மாற்றினேன். ஆடியில் மூன்றாவது தடவை வந்தபோது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், சிலிண்டர் சுவரே கீறிப் போயிருந்தது. ரப்பர் என்ன செய்யும்? முழு சிலிண்டரையும், அதோடு சக்கரத்து பிரேக் லைனிங்கையும் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். சரியென்றார்.

புது சிலிண்டரைப் பூட்டியது சிங்காரவேலு. அதை நான் மறுக்கவில்லை. பூட்டுவதற்கு முன்னால் வைஸ் இடுக்கியில் பிடித்து, ஆயில் ஊற்றி, உள்ளே இருந்த காற்றைத் தள்ளி, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். கை நல்ல கைதான். வாய்தான் கெட்டது.

மிதியுங்கள். ஒன்று. இரண்டு. பிடியுங்கள்.

உங்கள் கால் இருக்கிற பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கிறது. புஷ் ராடு. பெடல் அதைத் தள்ளும், அது பிஸ்டனைத் தள்ளும். அதில் மரை இருக்கிறது, திருகினால் நீளும். நீள நீளப் பெடலில் இருக்கிற தளர்ச்சி போய்க் கல்லாகிவிடும். பிறகு ஒரு நட்டைக் கொண்டு அது அசையாமல் பூட்டிவிடுவேன். அந்தக் கடைசி வேலையை மட்டும் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. அன்றைக்கு நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதையும் அவனே செய்கிறான். கம்பியை மூடியிருக்கிற பூட் ரப்பரைப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பி முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்க்கிறான். காசு நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு நட்டை முடுக்கியிருக்கிறான். நான் பெடலைக் கையால் அமுக்கினேன். சும்மா இறங்குகிறது. காளப்பன் பக்கத்தில் நிற்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

இதென்னடா என்றேன். பெட்டிக்குள் வந்த தாளை எடுத்துக் காட்டுகிறான். அதில் படம் போட்டிருக்கிறதாம், இடம் விட வேண்டுமாம்.

"மாமா, காலை எடுத்தா பிஸ்டன் முழுசாத் திரும்பி வரணும். கம்பி முட்டிக்கிட்டே இருந்தா வராது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பற ஓட்டை மூடியே கெடக்கும். எறக்கத்துல சூடேறுனா ஆயில் வீங்கும், போறதுக்கு வழியிருக்காது. தானா பிரேக் புடிச்சுக்கும். இன்னும் சூடாகும். கடைசில ஆயில் கொதிச்சுப் பெடலே இல்லாமப் போயிரும்."

வகுப்பு எடுக்கிறான், எனக்கு. வண்டிக்காரர் முன்னால்.

அப்படியானால் இருபத்திரண்டு வருஷமாக நான் செய்ததெல்லாம் தப்பா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவன் யோசித்தான். யோசித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அதெல்லாம் பழைய வண்டிங்க மாமா. பெடல் ஆடற எடத்து வளையம், அந்தப் புஷ்ஷெல்லாம் தேஞ்சு கெடக்கும், நீங்க எவ்வளவு இறுக்குனாலும் எடம் மிச்சமிருக்கும். இது புது சிலிண்டரு, போன மாசம் பெடல் புஷ்ஷும் மாத்தியிருக்குது" என்றான்.

கன்னத்தில் ஒன்று வைத்தேன். ஓங்கி இல்லை. கையில் கிரீஸ் இருந்ததால் அடையாளம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதைத்தான் ஊரெல்லாம் சொல்கிறார்கள், மூஞ்சியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது என்று. கிரீஸ் பதியாமல் என்ன செய்யும்?

ஓ, பிடித்துக்கொண்டே இருக்கிறீர்களா? மன்னிக்க வேண்டும். விடுங்கள், விடுங்கள். காற்று வெளியேறுகிற நிப்பிளை நான் எப்போதோ மூடிவிட்டேன். கால் நடுங்குகிறதே. பாவாயி இப்படி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்திருப்பாள். பத்தொன்பது வருஷம் இந்தப் பட்டறையில் வந்த எல்லா வண்டிக்கும் அவள்தான் பெடல் மிதித்தாள். அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து ஏறி உட்காருவாள். ஒரு தடவைகூடக் கால் வலிக்கிறது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சொல்லாமல் எதற்குக் கேட்பது?

மிதியுங்கள். பிடியுங்கள். விடுங்கள். போதும், இதுவும் சுத்தம். இனி முன்பக்கம்.

சரி. அவன் விட்ட இடைவெளியை நான் மூடினேன். கம்பியை நீட்டி, நட்டை முடுக்கி, பெடலைக் கல்லாக்கிக் காளப்பனிடம் கொடுத்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் காட்டினேன், தடையில்லாமல் சுற்றியது. பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பிரேக் பிடித்துக்கொள்ளும் என்றானே, எங்கே பிடித்தது? அவர் வண்டியை எடுக்கும்போது இவன் ஜன்னல் பக்கம் போய், "அண்ணா, ஏறறதுக்கு ஏறிக்கலாம். லோடோட எறங்காதீங்க" என்கிறான். என் கடை வாசலில் நின்றுகொண்டு என் வேலையை. காளப்பன் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சோறு போடும்போது பாவாயி ஒரு வார்த்தை சொன்னாள். அவள்தானே அந்த வண்டிக்கும் பெடல் மிதித்தது, கம்பியை இறுக்கிய பிறகும் ஒரு தடவை மிதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். "அந்தப் பெடல்ல மூச்சு வுடறதுக்கு எடமில்லீங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? குழம்பை ஊற்று என்றேன். ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

காலையில் எழுந்தால் இரண்டு பேரையும் காணோம். சிங்காரவேலுவின் டூ வீலரும் இல்லை. வாசலில் கிடந்த மரக்கட்டை இரண்டு, புது ஆயில் டப்பா ஒன்று, என் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், எதுவும் இல்லை.

மிதியுங்கள். ஒன்று. இரண்டு. பிடியுங்கள். கவலைப்படாதீர்கள், இந்தத் தடவை சீக்கிரம் விடச் சொல்கிறேன். விடுங்கள்.

எங்கே போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? மலைக்கு. அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். காளப்பன் எட்டு மணிக்குத் தோட்டத்திலிருந்து கிளம்புவார் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் தடுத்துவிடலாம் என்று போனானாம். அவர் அன்றைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். பாதி மலையில், நாற்பதாவது வளைவோ நாற்பத்தொன்றோ, இவன் ஏறுகிறான், அவர் இறங்குகிறார். நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை விரித்து நின்றிருக்கிறான்.

இது எனக்குப் பின்னால் பலர் சொல்லித் தெரிந்தது. காளப்பன் வண்டி அப்போதே நாலு சக்கரத்திலும் புகைந்துகொண்டிருந்ததாம். தீய்ந்த வாசனை அடுத்த வளைவு வரைக்கும் வந்ததாம். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனதாம். முதல் கியரில் போட்டு மலைப்பக்கச் சுவரை ஒட்டி உரசிக்கொண்டே வந்திருக்கிறார். பாவாயி ஓடிப்போய் முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டாளாம். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. நிப்பிளைத் திறந்ததும் ஆயில் ஆவியாகச் சீறிக்கொண்டு வந்ததாம், பிடித்துக்கொண்டிருந்த சக்கரம் உடனே விட்டதாம். இதையெல்லாம் ஏதோ அதிசயம் மாதிரிச் சொல்கிறார்கள். புது சிலிண்டர், புது லைனிங், முதல் இறக்கத்தில் கொஞ்சம் புகையத்தான் செய்யும். இதற்கு இவ்வளவு கூத்து.

அதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. நான் பூட்டிய நட்டை, நான் வைத்த அளவை, நடு ரோட்டில் குனிந்து அவிழ்த்திருக்கிறான். அரைச் சுற்று தளர்த்தினானாம். சக்கரம் ஆறும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கேயே மறுபடி காற்று எடுத்திருக்கிறார்கள். பெடல் மிதித்தது யார்? என் பொண்டாட்டி. திருவிழாக் கூட்டம் பஸ் பஸ்ஸாகப் போகிறது, இவள் ரோட்டோரத்தில் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு, மிதித்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸில் போன என் சொந்தக்காரனே பார்த்திருக்கிறான். என் வேலை தப்பு என்று எழுபது வளைவுக்கும் தண்டோரா போட்ட மாதிரி.

மிதியுங்கள். பிடியுங்கள். விடுங்கள். ஆயிற்று. கடைசிச் சக்கரம்.

மூன்று பேரும் மதியத்துக்கு இறங்கி வந்தார்கள். காளப்பன் வண்டியை என் வாசலில் நிறுத்தினார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு வருஷப் பழக்கம். அவர் கிட்டே வந்து, "இவங்க ரெண்டு பேரும் வராட்டி இந்நேரம் எம் பொணத்தைப் பாத்திருப்பீங்க மேஸ்திரி" என்றார். புது லைனிங் புகையும் என்று நான் விளக்கினேன். அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு போய்விட்டார். அன்றைக்குப் போனவர்தான்.

பாவாயி வீட்டுப் பக்கம் வந்தாள். காலெல்லாம் பிரேக் ஆயில். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஊர் பார்க்க ரோட்டில் பெடல் மிதித்த காலோடு இந்த வாசப்படி ஏறாதே என்றேன். அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அவள் படிக்குக் கீழே நின்றாள். நான் உள்ளே வரச் சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு திரும்பி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அவளாகத்தான் போனாள். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

மிதியுங்கள். ஒன்று. இரண்டு. பிடியுங்கள். விடுங்கள். இன்னொன்று. விடுங்கள். சுத்தம். கீழே இறங்கி நில்லுங்கள். பெடல் கிட்டே எனக்கு இடம் வேண்டும்.

இனி கம்பி. இந்த வேலையைச் செய்யும்போது பேசக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். எட்டு மாசம் ஆகிறது. இந்த எட்டு மாசத்தில் நான் சிலிண்டர் மாற்றிக் கொடுத்த வண்டி பதினேழு. பெடல் பிடித்துக்கொண்டது, புகைந்தது என்று ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. எல்லாம் நான் இறுக்கிக் கொடுத்தவை. எல்லாம் மலை ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படியென்றால் யார் சொன்னது சரி? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. என் வாசலைவிட்டு மலை ஏறுகிற ஒரு வண்டியாவது அங்கே நிற்காமல் போவதில்லை. அவள் அந்தத் தண்ணீர்ப் பானையை வைத்ததே அதற்குத்தான். முதல் வளைவுக்கு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது இங்கே எல்லா டிரைவருக்கும் பழக்கம். நிற்பார்கள். இவள் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பாள். அதற்குள் அவன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்குள் தலையைக் கொடுத்துவிடுவான். இரண்டு நிமிஷம். எழுந்து தட்டிக்கொண்டு போய்விடுவான். கைநீட்டி ஒன்றும் வாங்குவதில்லையாம், பெரிய தர்மவான். என் வேலையை உளவு பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். போன மாசம் ஒரு வண்டி பழைய கணக்கில் ஆயில் மாற்ற வந்தது. குனிந்து பார்க்கிறேன், நான் பூட்டிய நட்டின் மூலையெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. என்னிடமிருந்து எடுத்துப் போனானே, அந்த ஸ்பேனர் வாய் தேய்ந்தது. நானே தூக்கிப் போடலாம் என்று வைத்திருந்தேன். அதைக் கொண்டு திருகினால் நட்டு என்னத்துக்கு ஆகும்?

நட்டை மட்டும் புதிதாக மாற்றினேன். கம்பியைத் தொடவில்லை. அன்றைக்கு அவசரம்.

இதோ முடிந்தது. கையால் அமுக்கிப் பாருங்கள். கல்லு. ஒரு நூல் தளர்ச்சி இருக்கிறதா? இல்லை. இதுதான் அத்தியப்பன் பெடல்.

என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கிறது? கொஞ்சம் தளர்த்தித் தர முடியுமா என்றா கேட்கிறீர்கள்? இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? என் கையால் அது நடக்காது. நடந்தால் அன்றைக்கு நான் வைத்த அறைக்கும், வாசலில் சொன்ன வார்த்தைக்கும் என்ன பதில்?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேராகப் போங்கள். அங்கே நிற்காதீர்கள். தண்ணீர் வேண்டுமானால் இங்கேயே நிரப்பித் தருகிறேன். எட்டு மாசத்தில் ஒரே ஒரு வண்டி என் வாசலிலிருந்து கிளம்பி அவர்களைத் திரும்பிப் பாராமல் மேலே ஏறுவதை நான் இங்கே நின்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். வெளியூர்க்காரர், உங்களால் முடியும்.

உங்கள் வீட்டம்மாவைக் கூப்பிடுங்கள். எங்கே, டீக்கடையில் காணோமே.

அட.

அங்கே போய் நிற்கிறார் பாருங்கள். எப்போது ரோட்டைத் தாண்டினார்? பாவாயியும் அவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவள்தான் கூப்பிட்டிருப்பாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வேறு வைத்துக்கொண்டிருக்கிறாள். சிங்காரவேலுவைப் பாருங்கள், இங்கே வேலை முடிவதற்குள்ளேயே ரோட்டோரத்தில் சாக்கை விரித்துவிட்டான். எவ்வளவு திமிர்.

அந்தக் குழந்தைக்குத்தானா காது குத்து? எத்தனை மாசம்? பதினொன்றா. நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அவள் கழுத்துக் கயிற்றை இழுக்கிறது. பாவாயிக்குக் குழந்தை தூக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. எங்களுக்கு இல்லை.

சரி. குழந்தையை வாங்கிக்கொள்ள நீங்கள் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். குழந்தையை விட்டுவிட்டா போவீர்கள்? அது வேறு. அதை நான் நின்றதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏறுங்கள். சாவியைப் போடுங்கள். இருங்கள், இருங்கள். இதைப் பிடியுங்கள். இப்போது உங்கள் வண்டிக்குப் போட்டேனே, அதே ஸ்பேனர்தான். பன்னிரண்டாம் நம்பர், புதிது. அவனிடம் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். வண்டியில் கிடந்தது என்று சொல்லுங்கள். தேய்ந்ததை வைத்துக்கொண்டு என் நட்டையெல்லாம் நாசம் பண்ணுகிறான், பார்க்கப் பொறுக்கவில்லை. எனக்கா? எனக்கு எதற்கு, நான்தான் இறுக்கிவிட்டேனே.

கிளம்புங்கள். முதல் கியரிலேயே மெதுவாகப் போங்கள். அந்தச் சாக்கு வரைக்கும்தான், நூறு அடி. மேடுதான், தானாக நிற்கும். அதுவரைக்கும் அந்தப் பெடலைத் தொடாதீர்கள்.